பினாங்கு ஊராட்சித் தேர்தல் வழக்கும் குடிமக்களின் வழக்காடும் தகுதியும்

வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்தை எதிர்த்துச் சாதாரணக் குடிமகன் வழக்காட முடியுமா என்பது மலேசியச் சட்ட வரலாற்றின் முக்கியமான கேள்வி. பினாங்கு அதை நேரடியாக எதிர்கொண்ட மாநிலம்.

இங்கு நகராண்மைத் தேர்தல் 1857இலேயே நடந்தது. பின்னர் காலனி அரசு அதை நிறுத்தியது. 1951 டிசம்பர் 1 அன்று ஜார்ஜ் டவுனில் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது. 1957இல் நகரம் மாநகரானது; தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன் அதன் மேயரானார். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நாடெங்கும் இடைநிறுத்தப்பட்டன. அவற்றை மீட்கவேண்டும் என்று செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அத்தேர்தல்களுக்கான எல்லா விதிகளையும் செல்லாதவையாக்கியது. தற்காலிகம் என்று தொடங்கியது நிரந்தரமானது. மக்களுக்கு இழைத்த அநீதி இது.

வழக்காடும் தகுதியில் நீதிமன்றமும் நெடுங்காலம் கறாராக இருந்தது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்தத்தை எதிர்த்த லிம் கிட் சியாங், அப்போது பினாங்கின் தஞ்சோங் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்குத் தனிப்பட்ட பாதிப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1988இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வழக்கைத் தள்ளியது. மாறுபட்ட இரு நீதிபதிகளில் ஒருவர் பினாங்கில் பிறந்த யூசுப் அப்துல்காதர். மனுதாரருக்கு உண்மையான அக்கறை இருந்தால் போதும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பினாங்கு சட்டமன்றம் 2012இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றியது. மாநில அரசும், அலிரான் அமைப்பின் முன்னாள் தலைவர் பி. இராமகிருஷ்ணனும் 15ஆம் பிரிவை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றம் சென்றனர். ஊராட்சித் தேர்தல் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பதே அவர்களின் வலுவான வாதம். ஆனால் சட்டத்தை நாடெங்கும் ஒரே சீராக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 76(4)ஆம் விதியைச் சுட்டி, 15ஆம் பிரிவு செல்லும் என்று 2014 ஆகஸ்டில் தீர்ப்பானது. வாசல் திறந்தது, பரிகாரம் கிடைக்கவில்லை.

குடிமக்கள் வென்றதும் உண்டு. வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கும் 2019 திருத்தம் தாமதமானபோது, சரவாக் இளைஞர் ஐவர் தொடுத்த வழக்கில் அதை 2021 இறுதிக்குள் நடைமுறைப்படுத்த கூச்சிங் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. டிசம்பர் 15 அன்று அது நடப்புக்கு வந்தது.

பினாங்கில் மாநகர மன்ற உறுப்பினர்களை இன்றும் மாநில அரசே நியமிக்கிறது.