திருவயிரையின் அவியும் தீபாவளி உருண்டையும்

பழநிக்குக் கிழக்கே, கொய்யாச் சந்தையால் பெயர்பெற்றது ஆயக்குடி. மேற்கே, பாப்பம்பட்டியை அடுத்து நிற்பது ஐவர்மலை. பாண்டவர் ஐவர் தங்கிய இடம் என்னும் கதையைக் கேட்டுத் திரும்புவோரே இன்று அங்கு மிகுதி. ஆனால் அம்மலையின் இயற்கைக் குகைத்தளத்துக்கு மேலே, பாறை நெடுகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு இவ்விடத்தைத் திருவயிரை என்று குறிக்கிறது.

பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு, சகம் 792, அதாவது பொது ஆண்டு 870. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் இங்குப் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். அவற்றுக்கு இடையறாது அவி படைக்கவும், துறவியார் ஒருவருக்குச் சோறு அளிக்கவும் 505 காணம் பொன் வைத்தார். வரகுணன் 862இல் அரியணை ஏறினான் என்று கணிக்க உதவியதால் வரலாற்றாசிரியர்கள் இக்கல்வெட்டைப் போற்றுகின்றனர். அவர்கள் பார்வை ஆண்டுக் கணக்கிலேயே நின்றுவிட்டது. அவ்வளவு பொன்னும் சமையலுக்காக வைக்கப்பட்டது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கதே. அவி என்பது சமைத்துப் படைக்கும் உணவு. அது முட்டாது நடக்க வேண்டுமாயின் நெல் குற்றவும், நீர் வடிக்கவும், அடுப்பு மூட்டவும் அறிந்தவர்கள் தலைமுறைதோறும் வேண்டும். அவர்கள் பெயர் கல்லில் இல்லை. பொன் வைத்தவர் பெயர் நின்றது, அவி நின்றுபோயிற்று.

அந்தக் கல்வெட்டுக்கு 87 ஆண்டுகள் முன்னர், 783இல், ஜினசேனர் தம் அரிவம்ச புராணத்தை நிறைவு செய்தார். ஸ்ரீ வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் பரிநிர்வாணம் எய்தியதை முன்னிட்டு மக்கள் விளக்கேற்றி வழிபடும் தீபாலிகையை அந்நூல் குறிப்பிடுகிறது. பொது ஆண்டுக்கு முன் 527 என மரபு கொள்ளும் அந்த அமாவாசை விடியலே நமக்குத் தீபாவளி. நிர்வாண இலட்டு படைப்பது திகம்பர மரபில் பரவலான வழக்கம். அஷ்டவிதார்ச்சனையின் எட்டுப் பொருள்களில் நைவேத்தியமும் ஒன்றன்றோ?

இந்த நைவேத்தியம் கடையில் வாங்கும் பெட்டியில் வருவதன்று. மழைக்காலத்தில் மாவுக்கு மூன்று நாளே மரியாதை. கோடையில் ஐந்து, குளிர்காலத்தில் ஏழு. தீபாவளி சாதுர்மாஸத்துள் வருவதால் மூன்று நாள் கணக்கே பொருந்தும். அரைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் கடைக்காரரிடம் கேட்டறிய இயலாது. ஆகவே பயறு வறுப்பதும் மாவு திரிப்பதும் வீட்டிலேயே நிகழ வேண்டியனவாயின. அங்கேதான் சிறுவர்க்கு வேலை பிறக்கிறது. முறத்தில் பயற்றைப் பரப்பிப் புழு, வண்டு உள்ளனவா என்று பார்ப்பதற்கு இளங்கண்களே ஏற்றவை. கண்ட உயிரை நசுக்காமல் வெளியே கொண்டுபோய் விடுவதும் அவர்கள் பொறுப்பே. நீரை இரட்டைத் துணியில் வடிகட்டுவதையும் சிறுவயதிலேயே பழக்கலாம். வறுத்துத் திரித்த பயற்றமாவில் வெல்லத்தூளும் ஏலமும் கலந்து, உருக்கிய நெய்யைச் சூடு ஆறுமுன் ஊற்றிப் பிடித்தால் உருண்டை உடையாது. சின்னக் கைகள் பிடிப்பவை ஒழுங்கற்றிருக்கும். அதனால் குறையொன்றும் இல்லை. எல்லாம் கதிரவன் மறையுமுன் முடிதல் வேண்டும்.

பழநிப் பக்கம் செல்லும் குடும்பத்துப் பிள்ளைகள் பஞ்சாமிர்தத்தைப் பற்றிக் கேட்பது இயல்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தில் தேன் சேர்கிறது. கள்ளையும் ஊனையும் போலவே தேனையும் விலக்குவது சிராவகர் மூலகுணங்களுள் அடங்கும். மறுத்துவிட்டு மட்டும் அமைவதைவிட, மலை வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, கற்கண்டு, பேரீச்சை, நெய், ஏலம் ஆகியவற்றைத் தேனின்றி அவர்களையே பிசையச் சொல்வது நன்று. தேன் இல்லாத காரணத்தைப் பிசையும்போதே சொல்லிவிடலாம். ஆயக்குடிக் கொய்யாவைப் பல விதையுள்ள கனி என்று சிலர் தவிர்ப்பர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்த அக்கனி சாந்திவீரக்குரவர் காலத்தில் இந்நாட்டில் இல்லை.

உருண்டைகளுள் முதல் பங்கு ஜினாலயத்துக்கு. நெய்மணம் வீடெங்கும் நிறைந்திருக்க, பூசை முடியும்வரை பிள்ளைகள் சுவைக்காமல் காத்திருப்பர். துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் இறைத்த கிணற்றிலேயே மெல்லச் சேர்த்துவிட்டு வரும் வேலையை அந்த இடைவேளையில் அவர்களிடம் கொடுத்துவிடலாம்.