பிழையிற் பிறந்த சொல்

ஒருநாள் இலக்கணப் பாடத்தின் இடையே, "விளங்கிற்றா?" என்று வினவினேன். "ஓகே, ஐயா!" என்றொரு குரல் எழுந்தது. தமிழ் வகுப்பில் இச்சொல் எதற்கு என்று கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அதற்குள் அம்மாணவனே, "ஓகே என்பது எதன் சுருக்கம், ஐயா?" என்று கேட்டுவிட்டான். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் பிழையின்றி எழுத அறியாதவர்; 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்னும் தொடரைத் தவறாக எழுதி, அதன் முதலெழுத்துகளைக் கோப்புகளிற் பொறித்தார்; அதுவே 'ஓகே' ஆயிற்று என்று, எங்கோ கேட்ட கதையை எடுத்துரைத்தேன். வகுப்பு சிரித்தது. நானும் மகிழ்ந்தேன். அக்கதை பொய் என்பதையும், ஒருவரை இழிவுபடுத்தவே பரப்பப்பட்டது என்பதையும் பிற்பாடுதான் அறிந்தேன்.

உண்மை வரலாறு வேறு. 1830களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளரிடையே ஒரு விளையாட்டு பரவியிருந்தது. வழக்கிலுள்ள தொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுத்துக்கூட்டி, அப்பிழையான வடிவத்தையே சுருக்கி எழுதுவர். 'ஆல் ரைட்' என்பதற்கு 'ஓ, டபிள்யூ' என்பார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதற்கு 'ஓ, கே'. ஆங்கில எழுத்துமுறைப்படி முதலாவது 'ஏ' என்றும், அடுத்தது 'சி' என்றும் இருத்தல் வேண்டும். 'எல்லாம் சரி' என்று கூறும் சுருக்கத்தில் இரண்டு எழுத்துமே தவறு! வேடிக்கை முழுவதும் அதில்தான் அடங்கியிருந்தது. 1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' என்னும் நாளேட்டில், வேறோர் ஊர்ப் பத்திரிகையாசிரியரைச் சீண்டும் சிறு குறிப்பொன்றில் இச்சொல் அச்சேறியது. அருகிலேயே அதன் பொருளும் தரப்பட்டிருந்தது.

உடன்பிறந்த சுருக்கங்கள் பெரும்பாலும் மடிந்தொழிய, இது மட்டும் பிழைத்தது ஏன்? 1840ஆம் ஆண்டுத் தேர்தலே காரணம். அப்போது தலைவராயிருந்த மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். அவர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்னும் ஊரினர். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்பது அவருக்கு வழங்கிய செல்லப் பெயர். அதன் முதலெழுத்துகளும் 'ஓ, கே' ஆகவே, ஆதரவாளர் அப்பெயராலேயே ஒரு சங்கம் கண்டனர். எதிரணியினர் வாளாவிருப்பரோ? வான் பியூரனுக்கு முன்னவரும் அவருடைய அரசியல் வழிகாட்டியுமான ஜாக்சனை எழுத்தறியாதவராகச் சித்திரித்து, நான் வகுப்பில் கூறிய அதே கதையை ஏடுகளிற் பரப்பினர். தேர்தலில் வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது. பின்னர்த் தந்தி நிலையங்கள், செய்தி வந்துசேர்ந்தமைக்கு அடையாளமாக இதனைக் கையாண்டன. கேலிச்சொல் அலுவற்சொல்லாயிற்று. இன்று நம் கடைத்தெருவில் 'ஓகே லா' என்று அது மலாய்ச் சாயலும் பெற்றுவிட்டது.

இவற்றையெல்லாம் சான்றுடன் நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1941இல், கிண்டர்ஹூக் என்னும் ஊர்ப்பெயரே இதன் மூலம் என்று அவர் எழுதினார். எனினும் தேடலை அவர் நிறுத்தவில்லை. பழைய நாளேடுகளைத் துருவியபோது 1839ஆம் ஆண்டுச் சான்று கிட்டியது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் எழுதிய கட்டுரைகளில் தம் பழைய முடிவைத் தாமே திருத்தினார். அதற்கு முன் இச்சொல்லுக்கு உரிமை கொண்டாடியோர் பலர். கிரேக்கம் என்றனர் சிலர். ஸ்காட்லாந்து வழக்கு என்றனர் சிலர். அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் மொழிச்சொல் என்று நம்பிய குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன், அதற்கேற்ப எழுத்துக்கூட்டலையே மாற்றி எழுதி வந்தார். ஒலியொப்புமை ஒன்றே இவர்களுக்குத் துணை. எந்த ஆண்டில், எந்த ஏட்டில், யார் எழுதினார் என்று கேட்டால் விடை கிடையாது.

நம்மவரும் இதற்கு விலக்கல்லர். ஆங்கிலச் சொல்லொன்று தமிழ்போல் ஒலித்தால், அதுவும் தமிழே என்று மேடைதோறும் முழங்குகிறோம். கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்திற் புகுந்தது மெய். டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அப்பெயராலேயே குறித்த பயண நூல் 1697இல் அச்சானது, ஐயமின்றிக் காட்டலாம். இத்தகைய சான்றுடைய சொற்கள் நமக்கு இருக்க, வெறும் ஒலியை நம்பிப் பட்டியலை நீட்டுவது எனக்கு உடன்பாடன்று. கேட்போர் ஒன்றைப் பொய்யெனக் கண்டால், கட்டுமரத்தையும் சேர்த்தே ஐயுறுவர்.

உண்மை தெரிந்த பின் அதே வகுப்பறைக்குச் சென்று ஜாக்சன் கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனால் அங்கு அமர்ந்திருந்தோர் அடுத்த ஆண்டு மாணவர். முதலில் கேள்வி கேட்டவனும் அவனுடன் சிரித்தவர்களும் பள்ளியை விட்டே போய்விட்டிருந்தனர்.