எலும்புருக்கி நோய்: அன்றும் இன்றும்

யூபிலி மலரில் ஒரு நோயின் வரலாற்றுக்கு இடம் ஏன் என்று பங்கு மக்களில் சிலர் வினவலாம். நம் பாட்டன், பாட்டிமார் காலத்தை நினைவுகூரப் புகுந்த நாம், அக்காலத்தில் ஊர்தோறும் இளம் உயிர்களைக் கவர்ந்த நோயை மறந்து செல்வது முறையாகாது. க்ஷயம், எலும்புருக்கி, காசம், டி.பி. என்று பெயர்கள் பல, நோய் ஒன்றே.

அந்நாளில் இந்நோய் கண்ட வீட்டார் அதை வெளியில் சொல்ல அஞ்சினர். சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது. பிள்ளைக்கு வேலை கிடைக்காது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். நோயின் வேதனையைவிட ஒதுக்கிவைத்த வேதனையே பெரிதாயிருந்தது.

ஏழைகளை மட்டுமே இந்நோய் பற்றியது என்று எண்ண வேண்டாம். நாம் அன்போடு சிறுமலர் என்றழைக்கும் குழந்தை தெரசம்மாள், 1897-ஆம் ஆண்டு லிசியே மடத்தில், 24-ஆம் வயதில் இந்நோயால்தான் உயிர் நீத்தார். 1816-இல் மார்பொலி கேட்கும் கருவியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கும் இதற்கே இரையானார். 1882-இல் ஜெர்மானியரான ராபர்ட் கோக், இது கிருமியால் வரும் நோய் என்று நிலைநாட்டினார். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த கால்மெட், கெரேன் என்ற இருவர் உருவாக்கிய பி.சி.ஜி. தடுப்பூசி, 1921-இல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது.

மருந்தில்லாத அந்நாட்களில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் நிறுவினார். தஞ்சைக்கு மேற்கே செங்கிப்பட்டியிலும் காசநோய் மருத்துவமனை எழுந்தது. ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில். கட்டில்களோ மிகச் சில. இடம் கிடைத்தவர்களும் மனைவி மக்களைப் பிரிந்து மாதக்கணக்கில் இருக்க வேண்டியதாயிற்று. உழைப்பவரே படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்?

ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் 1940-களிலும் 1952-லும் வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: மருந்து கிடைத்துவிட்ட பிறகு, வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாகாதா? இதற்கு உலகுக்கு விடை சொன்னது நம் சென்னை மாநகரமே. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலும் இருந்துகொண்டு, ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர்.

வீட்டிலிருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, உணவும் குறைவு. எனினும் ஆண்டு முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் 86 பேரும் நோய் தணிந்திருந்தனர். அதனினும் பெரிய செய்தி, வீட்டில் உடனிருந்த குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதே. சிகிச்சைக்கு முன்னரே பெரும்பாலும் தொற்று நேர்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது. 1959-இல் வெளியான இம்முடிவு பல நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றியது. நோயாளி தன் வீட்டிலேயே, தன் பிள்ளைகளின் முகம் பார்த்தபடியே குணமடையலாம் என்றாயிற்று.

ஆயினும் ஓர் இடையூறு எஞ்சியது. இருமல் நின்று உடல் தேறியதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாய்த் திரும்பி எழுகின்றன. ஆகவே மருந்தைப் பிறர் பார்வையில் விழுங்கச் செய்யும் முறையையும் சென்னை மையமே ஆராய்ந்து வகுத்தது.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் கண்டால் சளியைச் சோதிக்க வேண்டும். தட்டாலோ தம்ளராலோ இந்நோய் பரவுவதில்லை. இருமும்போது வெளிப்படும் காற்றாலேயே பரவும். ஆதலால் வாயை மூடி இருமுதலும், சன்னலைத் திறந்து வைத்தலுமே தேவை.

உணவும் மருந்துக்குத் துணை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் சத்துணவு வழங்கிப் பார்த்ததில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் தெரியவந்தது.

எனவே அன்புள்ள பங்கு மக்களே, நம் தெருவில் யாருக்கேனும் இந்நோய் என்று கேள்விப்பட்டால் விலகிச் செல்லாதிருப்போம். ஆறு மாதமும் மருந்து தவறாதிருக்கிறதா என்று கேட்போம். அவ்வீட்டு அடுப்பு எரிகிறதா என்றும் பார்ப்போம். நம் முன்னோர் அறியாமையால் ஒதுக்கினர். அறிந்த நாமும் ஒதுக்கினால் நமக்கு மன்னிப்பேது?