அடைத்த கதவும் கீரைப் பாத்தியும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையிலே ஓர் ஏழைக் குடிலின் காட்சி வருகின்றது. கூரை சிதைந்த அக்குடிலிலே பசியால் மெலிந்த கிணைமகள் ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். பின்னர், புறங்கூறுவோர் கண்டுவிடுவரே என்று நாணி, வாயிற் கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தாரோடு அதனை உண்கின்றாள். பாடியவர் நல்லூர் நத்தத்தனார். புறநானூற்றிலே பெருஞ்சித்திரனாரும் தம் மனைவி உப்பில்லாக் கீரையை உண்ட துயரைக் குமண வள்ளலிடம் எடுத்துரைக்கின்றார்.

கீரை வறுமையின் அடையாளம் என்னும் எண்ணம் அத்துணைப் பழைமையானது. விருந்தினர் வந்த நாளிலே கீரைக்கறியை மட்டும் படைக்கக் கூசுவோர் இன்றும் உளர். ஆயினும், நம் நாட்டின் அண்மைக்கால வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தன் அரிசித் தேவையிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெற்றது. அதிலும் பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதமே கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அரிசி பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. வீட்டு வளவுகளிலும் உணவுப் பயிர் செய்யுமாறு மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர்.

அத்தகைய வேளையிலே கீரை கைகொடுப்பதற்குக் காரணம் யாது? நெல் விளைய மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். முளைக்கீரையோ, நுண்ணிய விதையை மணலோடு கலந்து தூவி, மெல்ல நீர் தெளித்து வந்தால், ஏறக்குறைய நான்கு வாரங்களிற் பிடுங்கத் தக்கதாகிவிடும். பொன்னாங்காணிக்கும் பசளிக்கும் விதையும் வேண்டா. தண்டை முறித்து நட்டாற் போதும். வல்லாரை கிணற்றடி ஈரத்திலே தானாகப் படரும். முருங்கை வேலிக்கு நட்ட கதியாலிலிருந்தே தழைக்கும். அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் இவற்றுக்குப் போதிய உரமாகும். கீரை சோற்றின் இடத்தை நிரப்பாது என்பது உண்மையே. எனினும், சோறு குறைந்த கலத்திலே இரும்புச் சத்தையும் விற்றமின்களையும் சேர்ப்பது அதுவே.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. ஆங்கிலேயர் 'ஸ்பினிச்' என்று போற்றும் கீரை, பாரசீக நாட்டுப் பகுதியிலே தோன்றிக் குளிர்ந்த பருவத்திற் செழிப்பது. நம் தாழ்நிலத்து வெப்பத்தில் அது நிலைத்து வளராது. ஆகவே அவர்கள் நம் வேலியிற் படரும் பசளியை அதற்கு ஈடாகக் கொண்டு, 'சிலோன் ஸ்பினிச்' என்று பெயரும் இட்டனர். நாம் கூசி ஒதுக்கியதற்கு அந்நியர் நம் நாட்டின் பெயரையே சூட்டினர்!

நெருக்கடி ஒருமுறையோடு நிற்கவில்லை. 1990ஆம் ஆண்டு தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்கு உட்பட்டபோது, உரமும் எரிபொருளும் அரியனவாயின. அக்காலத்தும் வளவிலே விளைந்ததே பல குடும்பங்களின் கறியாயிற்று. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியது. 2022 யூன் மாதத்தில், வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்றே அரசாங்க ஊழியர்க்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது.

பஞ்சம் வந்தபோது பாத்தி கட்டுவதும், அது நீங்கியதும் பாத்தியைக் காயவிடுவதும் நம் வழக்கமாகிவிட்டன. விதையைப் பேணாத வீட்டில் நெருக்கடி நாளன்று விதை கிடைப்பதில்லை. ஆதலால், நல்ல காலத்திலேயே நான்கு செடிகளைப் பூக்கவிட்டு விதையெடுத்து வைப்போம். அன்று அக்கிணைமகளின் குடும்பத்தைக் காத்தது அக்கீரையே. அதனை உண்பதற்கு நாம் கதவை அடைக்கவேண்டுவதில்லை.