செட்டிநாட்டு வீடும் நம்மூர்ப் பேட்டையும்

சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு அழைத்துப் போனார்கள். 1996-இல் திறந்த இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அதே தூண், அதே கதவோடு திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். மரநிழலில் கற்சிலைகள், அய்யனாரின் மண் குதிரைகள். நம்மூர்க் கண்மாய்க் கரையில் நிற்பவைதான். அங்கே நாம் நின்று பார்ப்பதில்லை.

நான் வெகுநேரம் நின்றது செட்டிநாட்டு வணிகர் வீட்டில். பர்மாவில் வட்டித்தொழில் செய்து சேர்த்த பணம், தேக்கும் வளவுமாக மாறிய காலம் அது. 1930-களின் விலைவீழ்ச்சியும் 1942-இல் ஜப்பான் படையெடுப்பும் அந்த வாழ்வைச் சாய்த்தன. பிறகு எத்தனையோ வீடுகள் கதவு வேறு, தூண் வேறாக விலை போயின.

அந்தத் திண்ணையைப் பார்த்ததும் அப்பா நினைவு வந்தது. விருதுநகரில் ஒரு மண்டியில் அவர் கணக்குப்பிள்ளை. பேரன் கேட்டான்: "நம்ம ஊர்ல இப்படி இல்லையா தாத்தா?"

இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்தார்கள். சுற்றுச்சுவர், கிணறு, வண்டிமாடுகள் இளைப்பாற இடம், சரக்குக்குக் காவல். பேட்டைக்கு வரும் சரக்குக்கு ஒரு சிறு தொகை மகமை. அந்தப் பொதுப்பணத்தில்தான் கோயிலும் கிணறும் பள்ளியும் வந்தன. 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி ஒதுக்கி நடத்திய பள்ளி. காமராஜர் அங்கேதான் படித்தார்.

செட்டிநாட்டார் செல்வத்துக்கு வீடு சாட்சி. நம் வணிகர் சேர்த்ததற்குப் பள்ளிக்கூடம் சாட்சி. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அப்பா உட்கார்ந்த மண்டியை இடித்தபோது நான் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். நிலைக்கதவைப் பழைய மரக்கடை வண்டியில் ஏற்றினார்கள். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பேரனுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பேரேடு, மகமை ரசீது, கடை வாசலில் எடுத்த படம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்னால் எழுதி வையுங்கள். பெயர் தெரிந்தவர்கள் நாம்தான் மிச்சம்.