கணக்குப் படிக்கட்டு: எண்சுவடி முதல் ஐந்தாம் தரம் வரை

நூற்றாண்டு காணும் எமது பாடசாலையின் வரலாறு என்றதும் அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் நினைவுக்கு வருகின்றன. அவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அது சிறுவயதில் நாம் படித்த கணக்கு.

தமிழர்களின் திண்ணைப் பள்ளிகளில் கணக்குக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் எண்களையும் பின்னங்களையும் சொல்லும் பொன்னிலக்கம், அடுத்து தானிய அளவைக்கான நெல்லிலக்கம், பிறகு வாய்பாடுகள் அடங்கிய எண்சுவடி, அதன்பின் நிலக் கணக்குக்கான குழிமாத்து. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. உழக்கு மனதில் நில்லாத பிள்ளைக்கு நாழி விளங்காது. உன்னிச்சைக் குளத்து நீரில் விளைந்த வயல்களைப் பற்றி எமது மூத்தோர் அவணத்திலும் மரைக்காலிலும் பேசியதை நாமும் கேட்டு வளர்ந்தோம்.

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிகளைத் தொடங்கினார். பின்வந்த காலத்தில் சுவடியின் இடத்துக்குச் சிலேற்றும் கொப்பியும் வந்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. வசதியற்ற வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் மேல்வகுப்புகளின் கதவு திறந்தது. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 ஐ ஒரு கட்டமாகவும், 3, 4 ஐ இன்னொன்றாகவும், 5 ஐ மூன்றாவதாகவும் வகுத்தது. முதற் கட்டத்தில் விளையாட்டும் செயற்பாடும் கூடுதலாகவும், கடைசிக் கட்டத்தில் எழுத்து வேலை கூடுதலாகவும் அமைந்தன. கையால் தொட்டு எண்ணியதே பின்னர் தாளில் எண்ணாக வேண்டும் என்ற பழைய அறிவுதான் இது.

ஆனால் பிள்ளைகள் எல்லோரும் படிகளில் வரிசையாக ஏற முடிந்ததா? 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது உன்னிச்சைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, நகரத்து உறவினர் வீடுகளில் தங்கி, இந்தப் பாடசாலையில் சேர்ந்தவர்கள் நாங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தினார்கள். வயது ஏறியிருந்தது, இடையில் விட்ட பாடம் ஏறவில்லை. 302இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் 276 என்று எழுதினோம். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிட்டோம்.

எங்கள் ஆசிரியை ஏசவில்லை. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாக்கி, மேசையில் வைத்தார். ஒரு நூறை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாக்கினோம். அதில் ஒரு கட்டை அவிழ்த்துப் பத்து ஈர்க்குகளாக்கினோம். இப்போது இரண்டு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. விடை 124 என்று கண்ணுக்குத் தெரிந்தது. அந்தத் தவணை முழுவதும், பாடசாலை விட்டபின் அரை மணித்தியாலம், எங்களை இரண்டாம் ஆண்டுக்கே திருப்பி அழைத்துச் சென்றார். அதை ஒருவரும் எங்களுக்கு இழிவாகச் சொல்லவில்லை.

இன்று வைத்தியசாலையில் 12 கிலோ எடையுள்ள காய்ச்சற் பிள்ளைக்குப் பரசிற்றமோல் பாணி எழுதுகிறோம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180. பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். ஆகவே ஒன்றரை மடங்கு, 7.5 மில்லிலீற்றர். பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம் எல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கின்றன. பன்னிரண்டைப் பத்தும் இரண்டுமாகப் பிரிக்கத் தெரியாதவருக்கு இதன் முதல் அடியே தடுமாறும்.

2020இல் கொவிட் தொற்றாலும் 2022இல் எரிபொருள் நெருக்கடியாலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு தலைமுறைக்கும் நேர்ந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது மேல்வகுப்புகளில் இருக்கிறார்கள். சிலர் தமக்குக் கணக்கு வராது என்று நம்பிவிட்டார்கள். பலருக்கு இல்லாதிருப்பது திறமையல்ல, ஒரு படி.

உலகெங்கும் இருக்கும் சகோதரிகளே, நூற்றாண்டுக்கு நாம் செய்யக்கூடியவை பல. அவற்றுள் ஒன்று, ஊரில் இருப்பவர் நேரிலும் தூரத்தில் இருப்பவர் தொலைபேசியிலும் வாரம் ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளையோடு அமர்வது. எந்தப் படி விடுபட்டதென்று பார்த்து, அங்கிருந்து தொடங்குவோம். எங்களுக்கு ஒருவர் அதைச் செய்தார்.