ஒரே மதிப்பெண், வேறு பதக்கம்

2008 ஆகஸ்ட் 18 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான சமமற்ற கம்பிகள் இறுதிப் போட்டி முடிந்தபோது, சீனாவின் ஹே கெக்சினும் அமெரிக்காவின் நஸ்தியா லியூகினும் 16.725 என்ற ஒரே மதிப்பெண்ணில் நின்றார்கள். மொத்தம் மட்டும் ஒன்றல்ல. ஆட்டத்தின் கடினத்துக்கு இருவருக்கும் 7.7, செய்நேர்த்திக்கு இருவருக்கும் 9.025. ஆனாலும் தங்கம் ஹேவுக்கும் வெள்ளி லியூகினுக்கும் போனது. செய்நேர்த்தியைப் பார்க்கும் ஆறு நடுவர்களில் மிக அதிகமாகப் புள்ளி குறைத்தவரையும் மிகக் குறைவாகக் குறைத்தவரையும் விலக்கி, மீதி நால்வரின் சராசரியை எடுப்பது அன்றைய முறை. அதிலும் சமன் வந்தால், அந்த நால்வரில் அதிகம் குறைத்தவரையும் தள்ளிவிட்டு மூவரின் சராசரியைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்ததில் ஹேவின் குறைப்பு 0.933, லியூகினின் குறைப்பு 0.966. இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நால்வரும் குறைத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை இருவருக்குமே 3.9. மூவர் குறைத்தது ஹேவுக்கு 2.8, லியூகினுக்கு 2.9. ஆகவே தள்ளப்பட்ட நடுவர் ஹேவிடம் குறைத்தது 1.1, லியூகினிடம் குறைத்தது 1.0. ஹேவின் ஆட்டத்தில் கூடுதல் பிழை கண்ட ஒரு நடுவர் இருந்ததால்தான் ஹே வென்றார். லியூகினைப் பார்த்த நால்வரும் ஏறத்தாழ ஒரே கருத்தில் இருந்தது அவருக்குப் பாதகமாகிவிட்டது.

அந்த நடுவர்கள் விதியைச் சரியாகவே பின்பற்றினார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. கேள்வி விதியின் மேல்தான். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் கருவி இறுதிப் போட்டிகளில் நடந்த சச்சரவுகளைப் பெரும்பாலும் நேர்மை, நேர்மைக்கேடு என்ற கதையாகவே எழுதிவந்திருக்கிறார்கள்: பனிப்போர்க் காலத்து நடுவர்கள் நாட்டுக்கு நாடு சாய்ந்தார்கள், பிறகு வந்த விதிகள் அதைச் சரிசெய்தன என்று. பாதி உண்மை அது. மறு பாதி, இந்த விளையாட்டு தன்னால் அளக்க முடிந்ததைவிட நுட்பமான தரவரிசையைத் தர வேண்டும் என்று வலிந்து முடிவெடுத்துக்கொண்டது. பதக்கத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பழைய வழக்கம் பலவீனம் அல்ல. அளவுகோல் எங்கே முடிகிறது என்பதை ஒப்புக்கொண்ட வழக்கம். அதைக் கைவிட்ட பிறகு வந்த குழப்பங்களில் பல, கைவிட்டதாலேயே வந்தவை.

ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கருவிவாரியாகத் தனிநபர் பதக்கம் தரத் தொடங்கியது 1952 ஹெல்சிங்கியில். அடுத்த போட்டியிலேயே, 1956 மெல்பர்னில், தரைப் பயிற்சியின் தங்கத்தை ஹங்கேரியின் அக்னெஸ் கெலெட்டியும் சோவியத்தின் லாரிசா லத்தீனினாவும் பகிர்ந்துகொண்டார்கள். 1968 மெக்சிகோவில் செக்கோஸ்லோவாக்கியாவின் சாஸ்லாவ்ஸ்காவும் சோவியத்தின் பெட்ரிக்கும், 1980 மாஸ்கோவில் கொமனேச்சியும் நெல்லி கிம்மும், இதே தரைப் பயிற்சியில். 1984 லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு கருவிகளில் தங்கம் இரண்டிரண்டாகப் போனது: சமமற்ற கம்பிகளில் மா யான்ஹோங், ஜூலியன் மெக்னமாரா, சமநிலைக் கட்டையில் சிமோனா பாவுக்கா, எகட்டெரினா சாபோ. 1992 பார்சிலோனாவில் வால்ட் தங்கம் ஹென்ரியட்டா ஓனோதிக்கும் லவினியா மிலொசொவிச்சிக்கும் தலா 9.925 புள்ளிகளோடு. அதே 1980 மாஸ்கோவில் சமமற்ற கம்பிகளின் வெண்கலம் மூன்று பேருக்குப் போயிருக்கிறது. 2000 சிட்னிக்குப் பின் ஒலிம்பிக்கின் எந்தப் பெண்கள் கருவித் தங்கமும் பகிரப்படவில்லை. சமன் வராமல் போனதால் அல்ல. வந்த சமனை உடைக்க விதி வந்துவிட்டதால்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். அந்தப் பகிர்வுகள் எல்லாம் நேர்மையானவையா? 1968ஐப் பாருங்கள். அந்த ஆகஸ்டில்தான் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்திருந்தன. சீர்திருத்தத்தை ஆதரித்த அறிக்கையில் கையெழுத்திட்டிருந்த வேரா சாஸ்லாவ்ஸ்கா அக்டோபரில் மெக்சிகோவில் ஆடினார். அன்று இறுதிப் போட்டியின் மதிப்பெண் தனியாக நிற்காது. முன்சுற்றில் வாங்கியதன் சராசரியும் அதோடு சேரும். லாரிசா பெட்ரிக்கின் முன்சுற்று மதிப்பெண் பின்னால் உயர்த்தப்பட்டதால்தான் இருவரும் 19.675இல் சமமானார்கள் என்பது அந்தப் போட்டியைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட செய்தி. சோவியத் கீதம் ஒலித்தபோது சாஸ்லாவ்ஸ்கா தலையைக் குனிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, இது பகிர்வு என்ற வழக்கத்தின் களங்கமா? அவர் தலையைத் திருப்பியது இரண்டு முறை. மற்றொன்று சமநிலைக் கட்டைப் பதக்க மேடையில். அங்கே சோவியத்தின் நத்தாலியா குச்சின்ஸ்காயா தனியாகவே தங்கம் வென்றார், சாஸ்லாவ்ஸ்காவுக்கு வெள்ளி. ஒரு மேடையில் பகிர்வு, இன்னொரு மேடையில் தனித் தங்கம், இரண்டிலும் ஒரே மனக்குறை. மதிப்பெண்ணைப் பின்னால் திருத்தும் கை இருந்தால் அது சமனையும் உண்டாக்கும், தனி வெற்றியையும் உண்டாக்கும். 1992க்குள் முன்சுற்று மதிப்பெண்ணை இறுதிக்குள் கொண்டுவரும் முறையே நீக்கப்பட்டது; அந்த ஓட்டை அதோடு அடைபட்டது. பகிர்வை ஒழிக்க அது காரணமாகாது.

இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சமன்கள் குவிந்ததற்குக் காரணம் அளவுகோலுக்கு மேலே இடமில்லாமல் போனதே என்பார்கள். 1976 மாண்ட்ரியாலில் கொமனேச்சி 10 வாங்கியபோது மதிப்பெண் பலகை 1.00 என்று காட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். 1988 சியோலில் ருமேனியாவின் டானியேலா சிலிவாஸ் மட்டுமே ஏழு முறை 10 வாங்கினார். 1984இல் மாவும் மெக்னமாராவும் 20க்கு 19.950 எடுத்தபோது அதற்கு மேல் ஏறக் கொஞ்சமே மிச்சம். கூரையில் முட்டி நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே உயரமாகத்தான் தெரிவார்கள். ஆகவே அந்தச் சமன்கள் போலி, கூரையை உயர்த்தினால் சமன் போய்விடும் என்பது வாதம். கூரை உயரவே செய்தது. 2004 ஏதென்ஸில் ஆண்கள் பிரிவில் தென்கொரியாவின் யாங் தே-யங்குக்குத் தொடக்க மதிப்பு 0.1 குறைவாகக் கணக்கிடப்பட்டதும், உயரக் கம்பி இறுதியில் அலெக்ஸெய் நேமோவுக்காக அரங்கம் கூச்சலிட்டு நடுவர்களை மதிப்பெண் மாற்ற வைத்ததும் சேர்ந்து பத்துக்குப் பத்து முறையின் காலத்தை முடித்தன. 2006 முதல் கடினத்துக்கு மேல் எல்லை இல்லை. செய்நேர்த்திக்கு மட்டும் பத்து. ஆனால் சமன் போகவில்லை. 2015 கிளாஸ்கோ உலகப் போட்டியில் சமமற்ற கம்பிகளின் இறுதியில் ஆடிய எட்டுப் பேரில் நால்வர் 15.366 எடுத்தார்கள்: விக்டோரியா கோமோவா, டாரியா ஸ்பிரிடோனோவா, ஃபான் யீலின், மாடிசன் கோசியன். உலகப் போட்டியில் சமனை உடைக்கும் விதி அப்போது இல்லாததால் நால்வரும் தங்கம் பெற்றார்கள். மேடையில் இடம் போதவில்லை என்று சிரித்தவர்கள் உண்டு. நான் அதை அந்த விளையாட்டின் மிக நேர்மையான முடிவுகளில் ஒன்றாகவே பார்க்கிறேன்.

கூரையைத் தூக்கியும் சமன் ஏன் தங்கியது என்றால், கூரை மாறியதே தவிர அளவுகோலின் மிகச் சிறிய கோடு மாறவில்லை. கால் சற்று விலகினால் 0.1, உடல் நன்றாக வளைந்தால் 0.3, தடுமாறி விழுந்தால் 1.0 என்று நடுவர் குறைப்பது இன்றும் இந்த அலகுகளில்தான். கடினத்தின் மதிப்பும் பத்தில் ஒரு பங்காகவே கூடும், குறையும். பதக்கப் பட்டியலில் நாம் காணும் .033, .066 எல்லாம் அந்த 0.1ஐ மூன்று நடுவர்களுக்குள் வகுத்ததால் வருகிற எச்சம். யாரும் அதைக் கண்ணால் பார்த்து எழுதியதல்ல. மூன்றாவது தசம இடம் வகுத்தலின் விளைவு என்பதை மறந்து, அதையும் தாண்டி நாலாவது படிக்கு இறங்கினால் பெய்ஜிங்கில் கிடைத்த மாதிரியான விடைதான் கிடைக்கும்.

நீச்சல் இதே இடத்துக்கு வந்து எதிர்ப்பக்கம் திரும்பியது. 1972 மியூனிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4 நிமிடம் 31.981 வினாடி, அமெரிக்காவின் டிம் மெக்கீ 31.983. ஆயிரத்தில் இரண்டு வினாடி. அந்த வேகத்தில் தண்ணீரில் அது சுமார் 3 மில்லிமீட்டர். குளத்தைக் கட்டும்போது ஒரு தடத்துக்கும் இன்னொரு தடத்துக்கும் வரக்கூடிய நீள வேறுபாடே அதைவிட அதிகம். எனவே நீச்சல் சம்மேளனம் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டது. 2016 ரியோவில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மானுவேலும் பென்னி ஒலெக்ஸியாக்கும் 52.70இல் தங்கத்தைப் பகிர்ந்தார்கள். ஆண்கள் 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் உட்பட மூவர் 51.14இல் வெள்ளியைப் பகிர்ந்தார்கள். கடிகாரத்தை நம்பி ஓடும் விளையாட்டே, மின்னணுக் கருவி கையில் இருந்தும், இதற்கு மேல் பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. மனிதக் கண்ணை நம்பும் விளையாட்டு பிரித்தே தீருவேன் என்றது. ரசிகனுக்கு ஒரே வெற்றியாளர் வேண்டும் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். ரியோவின் அந்த இரண்டு மேடைகளையும் பார்த்த யாரும் பதக்கத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று புலம்பியதாகத் தெரியவில்லை.

பகிர்வு என்பது ஆறுதல் பரிசு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே ரியோவில் வால்ட் இறுதியில் அகர்தலாவின் தீபா கர்மாகர் 15.066 எடுத்து நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைங்ரூபருக்கு 15.216. நமக்கு எவ்வளவு வலித்தாலும் 0.150 என்பது அளவுகோல் தெளிவாகக் காட்டிய வேறுபாடு. என் வாதத்தில் தீபாவுக்குப் பதக்கம் இல்லை. எல்லையை எங்கே போடுவது, 0.1க்குள் இருப்பவர்களையும் சேர்ப்பதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். மொத்தம் சமன் என்றால் சமன். அதற்கு மேல் சலுகை கேட்கவில்லை.

சமனை உடைக்கும் விதிகளிலும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. 2012 லண்டனில் ஆகஸ்ட் 7 அன்று சமநிலைக் கட்டை இறுதியில் ஆலி ரைஸ்மனுக்கு முதலில் 14.966, பயிற்சியாளர் முறையிட்டதும் கடின மதிப்பு 0.1 உயர்ந்து 15.066 ஆனது. ருமேனியாவின் கத்தலினா போனோருக்கும் 15.066. செய்நேர்த்தி மதிப்பெண் கூடுதல் என்பதால் வெண்கலம் ரைஸ்மனுக்கு. அன்றே தரைப் பயிற்சியில் ரஷ்யாவின் முஸ்தஃபினாவும் இத்தாலியின் வனெஸ்ஸா ஃபெராரியும் 14.900, அதே விதியால் ஃபெராரி நான்காவது. எளிதான ஆட்டத்தைச் சுத்தமாக ஆடியவர், கடினமானதைச் சற்றுப் பிசகாக ஆடியவரைவிட மேல் என்பது ஒரு ரசனை. நல்ல ரசனையாகவும் இருக்கலாம். ஆனால் கடினத்தையும் நேர்த்தியையும் கூட்டி ஒரு மொத்தம் தருகிறோம், அந்த மொத்தமே முடிவு என்று அறிவித்துவிட்டு, மொத்தம் ஒன்றானதும் கூட்டலில் ஒரு பகுதியை மட்டும் மறுபடி எடை போடுவது முன்பு சொன்னதை மாற்றுவதாகும். டோக்கியோவில் தரைப் பயிற்சி வெண்கலத்துக்கு மாய் முரகாமியும் ஏஞ்சலினா மெல்னிகோவாவும் 14.166இல் வந்து, கடினமும் நேர்த்தியும்கூட ஒன்றாக இருந்தபோது இருவருக்குமே பதக்கம் கிடைத்தது. பெய்ஜிங்கின் நாலாவது படி அதற்குள் மறைந்திருந்தது. சம்மேளனம் சத்தமில்லாமல் பாதி வழி திரும்பிவிட்டது. மீதிப் பாதியின் விலையை 2024 பாரிஸ் காட்டியது.

ஆகஸ்ட் 5 அன்று நடந்த அந்தத் தரைப் பயிற்சி இறுதியை உலகம் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸ், ருமேனியாவின் அனா பர்போசு என்ற இரண்டு பெயர்களால் நினைவில் வைத்திருக்கிறது. கடைசியாக ஆடிய சைல்ஸுக்கு 13.666, முறையீட்டுக்குப் பின் 13.766, வெண்கலம். கடைசி வீராங்கனைக்கு முறையிட ஒரு நிமிடமே உண்டு. அந்த முறையீடு 1 நிமிடம் 4 வினாடியில் வந்தது என்று சொல்லி விளையாட்டுத் தீர்ப்பாயம் ஐந்து நாள் கழித்து அதை ரத்து செய்தது. வெண்கலம் பர்போசுவுக்குப் போனது. சைல்ஸ் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றத்தை நாடினார். இந்த நாலு வினாடியைப் பற்றி எழுதியவர்கள் மூன்றாவது பெயரை ஓரத்தில் விட்டுவிட்டார்கள். ருமேனியாவின் சப்ரினா மனேகா-வொய்னியாவும் பர்போசுவைப் போல 13.700தான் எடுத்திருந்தார். கோட்டைத் தாண்டியதாக அவருக்கு 0.1 குறைத்தது தவறு என்ற புகாரைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அது களத்து நடுவரின் முடிவு என்றது. அந்தப் புகார் இல்லாமலே, முறையீடு செல்லாது என்று ஆனதும் வெண்கல வரிசையில் ஒரே மொத்தத்தோடு இருவர் நின்றார்கள். கெலெட்டியின் காலத்து வழக்கம் இருந்திருந்தால் இருவருக்கும் பதக்கம். மூவருக்கும் வெண்கலம் தரலாம் என்று ருமேனிய சம்மேளனமே கேட்டிருந்தது. நியாய உணர்வின்படி முடிவெடுக்கும் அதிகாரம் தங்களுக்கு இருந்திருந்தால் மூவருக்கும் கொடுத்திருப்போம் என்று தீர்ப்பாயமும் தன் விரிவான தீர்ப்பில் எழுதியது. ஒரு நிமிட விதியைச் செயல்படுத்த சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் ஏற்பாடு எதுவும் செய்து வைக்கவில்லை என்றும் குறை கூறியது. அந்த அதிகாரம் சம்மேளனத்தின் கையில்தான் இருக்கிறது. மொத்தம் சமமானால் பதக்கமும் சமம் என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி எழுத நீதிமன்றமும் வேண்டாம், புதிய கேமராவும் வேண்டாம்.